கை முத்திரைக்குக் காசு கொடுக்கலாம், கடதாசி முத்திரைக்கு வேண்டாம்: வெள்ளவத்தை நிஞ்ஜுட்சு தியான வகுப்பு

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், மாடிக் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில், சனிக்கிழமை பின்னேரம் நாலரையிலிருந்து ஆறு மணி வரை நடக்கிறது இந்த வகுப்பு. விளம்பரத்தில் 'நிஞ்ஜாக்களின் ஒன்பது ரகசிய முத்திரைகள், தியானம், தற்காப்பு' என்று போட்டிருக்கிறார்கள். எட்டு வகுப்புக்கு 16,000 ரூபா. லாமினேட் பண்ணிய முத்திரை விளக்கப்படத்துக்கு 800 ரூபா தனி. கடைசி நாளில் வருகிற சான்றிதழுக்கு இன்னுமொரு 6,500. வகுப்பின் பெயரை இங்கே போடவில்லை. இதே பாடத்தை இதே மாதிரிப் படத்தை வைத்துக்கொண்டு கொழும்பில் வேறு எங்கே நடத்தினாலும் கீழே சொல்வது பொருந்தும்.

ஜப்பானிய மொழியில் கை அமைப்புக்கு 'இன்' என்று பெயர். கடதாசியில் குத்துகிற சீலுக்கும் அதே 'இன்'தான். தமிழில் முத்திரை என்ற சொல்லும் அப்படியே இரண்டையும் குறிக்கிறது. இந்த வகுப்பை எடைபோட அந்த இரட்டைப் பொருள் வசதியாக இருக்கிறது. கையில் பிடிக்கிற முத்திரையை, இரண்டு மூன்று திருத்தங்களோடு, காசுக்குப் பழுதில்லாமல் சொல்லிக் கொடுக்கிறார்கள். சான்றிதழில் குத்துகிற முத்திரைக்குப் பின்னால் எதுவும் இல்லை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடலாம். காலி வீதியில் 100 அல்லது 101 பஸ்ஸில் வந்து இறங்கி ஐந்து நிமிடம் நடக்கலாம், வெள்ளவத்தை ஸ்டேஷனிலிருந்து அதிலும் கிட்ட. வாகனம் நிறுத்த இடமில்லை. தரை டைல்ஸ், அதன்மேல் பல்லுப் பல்லாகக் கோர்க்கிற 20 மில்லிமீற்றர் நுரை விரிப்பு. உட்கார்ந்து தியானம் செய்ய இது தாராளம். உருண்டு விழுகிற பயிற்சிக்குப் போதாது. ஜூடோ மாதிரி விழுகைகளுக்கு 40 மில்லிமீற்றராவது வேண்டும். கடல்பக்க ஜன்னல்கள் திறந்திருப்பதால் உப்புக் காற்றில் டைல்ஸ் ஈரம் கட்டுகிறது, விரிப்பின் ஓரங்கள் வழுக்கி இடைவெளி விடுகின்றன. முன்பக்கமாக உருளும்போது தோள் அந்த இடைவெளியில் விழுந்தால் நோவுதான் மிச்சம். மூன்றாம் கிழமையிலிருந்து சுவர்ப்பக்கம் இடம் பிடிப்பது நல்லது. அங்கே விரிப்பு நகராது. கரையோர ரயில் போகிற சத்தம் தியானத்தின் நடுவில் இரண்டு மூன்று தடவை வரும். அதை ஒரு குறையாகச் சொல்ல முடியாது, இந்தப் பக்கத்தில் எந்த வீட்டில் இருந்தாலும் அதுதான்.

உட்காருவதைச் சரியாகவே தொடங்குகிறார்கள். 'ஸேய்ஸா' என்ற முழந்தாள் இருக்கையில் முதலில் இடது முழங்காலைக் கீழே வைத்து, பிறகு வலதை வைக்க வேண்டும். எழும்பும்போது முதலில் வலது கால் எழும்பும். இதற்கு 'ஸா-ஸா உ-கி' என்று பெயர். இடுப்பில் இடப்பக்கம் வாள் செருகியவன் உட்காரும் முறையிலிருந்து வந்த ஒழுங்கு இது, இதைத் தவறாமல் சொல்லிக் கொடுப்பது நல்ல அடையாளம். கால் மரத்துப் போவதற்கும் வழி சொல்கிறார்கள்: குதிக்கும் பிட்டத்துக்கும் நடுவில் மடித்த துவாய், பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே இருக்கை இல்லை, முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு நாற்காலி. வயது போனவர்கள் நாலைந்து பேர் வருகிற வகுப்பில் நாற்காலியைத் தயங்காமல் கொண்டுவந்து போடுவது பாராட்ட வேண்டிய விஷயம். கராத்தே வகுப்புகளில் இது அபூர்வம்.

இனி கைகளுக்கு வருவோம். ஒன்பது முத்திரைக்கும் ஒன்பது எழுத்து: ரின், ப்யோ, தோ, ஷா, காய், ஜின், ரெட்ஸு, ஸாய், ஸென். சேர்த்து 'கூஜி', ஒன்பது எழுத்து. கையோடு செய்தால் 'கூஜி-இன்'. எட்டு வகுப்புக்குள் ஒன்பதை அடக்க வேண்டியிருப்பதால் ஐந்தாவதையும் ஆறாவதையும் ஒரே நாளில் தருகிறார்கள். அது கஷ்டமில்லை, அவை இரண்டும் ஒரு சோடி. ஐந்தாவது 'கெபாக்கு', வெளிக்கட்டு: கோத்த விரல்கள் புறங்கையின் மேல் படிந்து வெளியே தெரியும். ஆறாவது 'நாய்பாக்கு', உட்கட்டு: அதே கோவை, ஆனால் விரல்கள் உள்ளங்கைக்குள் மறைந்திருக்கும். பரதம் படித்தவர்களுக்கு இது சுலபம். கர்க்கடகத்தில் விரல்கள் நீண்டு நிற்கும், வெளிக்கட்டில் மடிந்து படியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலாவது 'தொக்கோ-இன்'. ஒற்றைக் கூர் வஜ்ரத்தைக் குறிப்பது. வஜிரா வீதி தாண்டிப் போகிறவர்களுக்கு அந்தச் சொல் புதிதல்ல. விரல்களைக் கோத்து, சுட்டுவிரல் இரண்டையும் நிமிர்த்தி நுனி சேர்க்க வேண்டும். பிழைக்கிற இடம் அழுத்தம். புதிதாக வருகிறவர்கள் விரல்நுனி வெளுக்கும்வரை அழுத்துகிறார்கள், அழுத்தினால் முன்கை இறுகும், தோள் காதுக்கு ஏறும், மூச்சு நெஞ்சோடு நின்றுவிடும். நுனிகள் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். இரண்டாவதில் நடுவிரல்கள் சுட்டுவிரல்களைச் சுற்றி வளைகின்றன. மூன்றாவதும் நாலாவதும் வெளிச் சிங்கம், உட்சிங்கம். நடுவிரலும் மோதிரவிரலும் குறுக்கே பின்னுகிற விதம் படத்துக்குப் படம் மாறுகிறது, பள்ளிக்குப் பள்ளியும் மாறுகிறது. ஆகவே இந்த இரண்டில் 'இதுதான் சரி, மற்றதெல்லாம் பிழை' என்று யார் சொன்னாலும் கொஞ்சம் பொறுத்துக் கேட்கலாம். இங்கே ஒரு வடிவத்தை மட்டும் கொடுத்து, வேறு வடிவங்களும் உண்டு என்று சொல்லாமல் விடுகிறார்கள்.

மோதிரங்களை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். கோவையில் மோதிரம் பக்கத்து விரலைக் கிள்ளும். வியர்வைக்குச் சின்னத் துவாய் ஒன்று கட்டாயம், இரண்டாவது முத்திரையில் வளைத்த விரல் வழுக்கிக்கொண்டே இருக்கும். நீண்ட காலம் நீரிழிவு உள்ளவர்களுக்கு விரல் மூட்டுகள் இறுகி, கும்பிடும்போது உள்ளங்கைகள் முழுக்கப் பொருந்தாமல் நடுவில் இடைவெளி விடலாம். அப்படியானவர்கள் சிங்க முத்திரைகளை வலிந்து செய்யக் கூடாது. விரல் நடுவில் சிக்கிக்கொண்டு டக்கென்று விடுபடுகிற பிரச்சினை உள்ளவர்களும் அப்படியே. வகுப்பில் இதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. 'பழகப் பழக வரும்' என்பதுதான் பதில். சிலருக்கு வராது, வர வைக்க முயன்றால் வீக்கம்தான் வரும்.

இந்த வகுப்பின் பெரிய தவறு ஏழாவது முத்திரையில் இருக்கிறது. 'சிகென்-இன்', ஞான முஷ்டி. இடது கையை முஷ்டியாக்கி சுட்டுவிரலை மட்டும் நேரே மேலே நிமிர்த்த வேண்டும். வலது முஷ்டி அந்த விரலை மேலிருந்து மூடிப் பிடிக்கும். நெஞ்சுக்கு முன்னால் இரண்டு முஷ்டியும் ஒன்றின்மேல் ஒன்று. எஸோத்தெரிக், அதாவது மறைஞான, பௌத்தத்தில் வலது கை புத்தருலகு, இடது கை உயிர்களின் உலகு. எந்தக் கை மேலே என்பதுதான் அந்த முத்திரையின் பொருளே. நல்லவேளையாக, இதைச் சரிபார்க்க யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ஜப்பானில் நாரா பக்கத்தில் என்ஜோ-ஜி கோயிலில் 1176இல் சிற்பி உன்கெய் செதுக்கி முடித்த தாய்னிச்சி புத்தர் சிலை இதே முத்திரையோடு உட்கார்ந்திருக்கிறது. படத்தைத் தேடிப் பார்த்தால் வலது முஷ்டி மேலே, இடது சுட்டுவிரல் உள்ளே.

வகுப்பிலோ முக்கால்வாசிப் பேர் இடது முஷ்டியை மேலே வைத்து வலது விரலைப் பிடிக்கிறார்கள். ஆசிரியர் அதைத் திருத்துவதில்லை. காரணம் இரண்டு. ஒன்று, அவர் மாணவர்களைப் பார்த்து நின்று 'நான் செய்யிற மாதிரிச் செய்யுங்கோ' என்கிறார். எதிரே நிற்பவரைப் பார்த்துச் செய்தால் கண்ணாடியில் போல இடம் வலம் மாறுவது இயல்பு. நடன ஆசிரியைகள் இதைத் தவிர்க்க முதுகைக் காட்டி நின்று சொல்லிக் கொடுப்பார்கள், இங்கே அந்தப் பழக்கம் இல்லை. இரண்டாவது காரணம் அந்த 800 ரூபாப் படம். அதிலுள்ள ஒன்பது ஃபோட்டோவும் கைபேசியின் முன்பக்கக் கமராவால் எடுத்து, இடம் வலம் மாறிய நிலையிலேயே அச்சடித்தவை. எப்படித் தெரியும்? படத்தில் இருப்பவரின் பயிற்சிச் சட்டையைப் பார்க்க வேண்டும். ஜப்பானிய உடையில் இடப்பக்கத் துணி வலதுக்கு மேலே வரும். வலப்பக்கத்தை மேலே போட்டுக் கட்டுவது இறந்தவர்களுக்கு மட்டும். இந்தப் படத்தில் ஒன்பதிலும் வலது மேலே. சட்டையைப் பிழையாகப் போடவில்லை, படம்தான் திரும்பியிருக்கிறது. ஏழாவதில் பொருள் கவிழ்கிறது, ஒன்பதாவதில் எந்தக் கை எதைத் தாங்குகிறது என்பதும் மாறிவிடுகிறது. மற்றவற்றில் பெரிய பாதிப்பில்லை. படத்தை வாங்கியிருந்தால் எறிய வேண்டாம், கண்ணாடி முன் பிடித்துப் பார்த்தால் சரியான படம் தெரியும்.

எட்டாவது 'நிச்சிரின்', சூரிய வட்டம்: இரு கைவிரல்களையும் விரித்து பெருவிரல் நுனிகளையும் சுட்டுவிரல் நுனிகளையும் சேர்ப்பது. இதை யாரும் பிழைவிடுவதில்லை. ஒன்பதாவது மறை முத்திரை, ஒரு கையில் மற்றது தங்கியிருக்கும்.

ஒரு முத்திரைக்கு ஒரு முழு மூச்சு என்று வைத்தால், பத்து விநாடி மூச்சுக்கு ஒன்பது முத்திரையும் முடிய ஒன்றரை நிமிடம் போகும். முதல் நாலு கிழமையும் இந்த வேகத்தில்தான் செய்கிறார்கள், நன்றாக இருக்கிறது. ஐந்தாம் கிழமையிலிருந்து வேகம் கூட்டி, கடைசியில் பெடியளுக்கு நேரம் பிடித்துப் போட்டி. இருபது விநாடியில் ஒன்பதையும் முடித்தவருக்குக் கைதட்டு. அனிமேயில் வேகவேகமாகக் கை மாறுகிற காட்சிகளின் தாக்கம் இது. அங்கே பெரும்பாலும் வருவது எலி, புலி, பாம்பு என்று பன்னிரண்டு ராசி விலங்குச் சைகைகள். கூஜி-இன்னோடு அவற்றுக்கு நேரடி உறவில்லை. பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது என்றால் விளையாட்டாக நடத்தட்டும். மூச்சுப் பயிற்சி என்று காசு கட்டியவருக்கு அந்தக் கடைசி நாலு கிழமை வீண்.

படத்தின் பின்பக்கத்தில் 'ஒன்பது சக்திகள்' என்று ஒரு பட்டியல்: உடல் வலிமை, சக்தி செலுத்தல், ஒத்திசைவு, குணமாக்கல், முன்னறிவு, பிறர் மனம் அறிதல், காலவெளி ஆளுமை, பூதங்களை அடக்கல், ஞானம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சக்கரம், மூலாதாரம் தொடங்கி. இதில் பழைய சரக்கு எதுவும் இல்லை. 1970கள், 80களில் மேற்கில் கிளம்பிய நிஞ்ஜா அலையோடு ஆங்கிலத்தில் பரவிய பட்டியல் இது, சக்கரங்கள் அதற்கும் பிறகு ஒட்டியவை.

உண்மையில் அந்த ஒன்பது எழுத்தும் ஒரே வாக்கியம். 4ஆம் நூற்றாண்டில் சீனத் தாவோ அறிஞர் கெ ஹொங் எழுதிய 'பாவ்புட்ஸி' நூலில், மலைக்குள் போகிறவர் தம்மைக் காத்துக்கொள்ள மனத்துக்குள் சொல்ல வேண்டிய மந்திரமாக அது வருகிறது. சண்டைக்கு வந்து நிற்கும் வீரர் எல்லாரும் அணிவகுத்து முன்னே செல்லட்டும் என்பதே கிட்டத்தட்டப் பொருள். ஜப்பானுக்குப் போன பிறகு கடைசிச் சொற்கள் மாறி 'முன்னே செல்' என்பது 'முன்னே நில்' ஆனது. ரின் என்றால் வலிமை, ஷா என்றால் குணமாக்கல் என்று பிரித்துப் பொருள் சொல்வது அந்த வாக்கியத்தில் இல்லை. 'ஷா' என்பது 'அப்படிச் செய்பவர்' என்பதைக் குறிக்கிற சாதாரண இலக்கணச் சொல்.

எழுத்துக்கு எழுத்து பொருள் ஏற்றுவது நமக்கு அந்நியமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்தெழுத்தில் சி சிவம், வ அருள், ய உயிர், ந திரோதம், ம மலம் என்று சைவர்கள் பிரித்திருக்கிறார்கள். ஜப்பானின் மலைத்துறவிகளும் ஒன்பது எழுத்துக்கும் ஒன்பது தெய்வங்களை வைத்தார்கள். ஒரு பட்டியலில் முதலெழுத்துக்குரியவர் பிஷாமொன்தென், அதாவது வைஸ்ரவணன், நம்முடைய குபேரன். ஆனால் அது யார் வைத்தது, எந்த மரபில் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். இந்தப் படத்தின் பின்பக்கம் அப்படி எதையும் சொல்லவில்லை.

ஆறாம் கிழமை 'கூஜி-கிரி', வாள் விரலால் காற்றில் கோடு கிழிப்பது. வலது சுட்டுவிரலும் நடுவிரலும் நேரே, மோதிரவிரலையும் சின்னவிரலையும் மடித்துப் பெருவிரலால் பிடித்தால் அது வாள். பரதத்தின் அர்த்தபதாகத்தில் பெருவிரலை உள்ளே மடித்தால் கிட்டத்தட்ட இதுதான். இடது கையை லேசாக மடித்து இடது இடுப்பில் வைத்தால் உறை. உருவி, முதல் கோடு படுக்கையாக இடமிருந்து வலம், அடுத்தது மேலிருந்து கீழ், இப்படி மாறி மாறி ஒன்பது. படுக்கை ஐந்து, நிமிர்ந்தது நாலு. இங்கே சிலர் நிமிர்ந்த கோட்டில் தொடங்கி எண்ணிக்கையைக் கவிழ்த்துவிடுகிறார்கள். அதை ஆசிரியர் கவனித்துத் திருத்துகிறார், நல்லது. ஆனால் முடிந்ததும் வாளை உறைக்குள் திரும்ப வைப்பதில்லை, கையைத் தட்டி முடிக்கிறார்கள். உருவிய வாளை உறையில் வைக்காமல் எழும்புவது எந்த ஜப்பானிய வாள் பயிற்சியிலும் நடக்காது.

தற்காப்பு என்று அரை மணித்தியாலம் தருவது பெயருக்குத்தான். 'இச்சிமொன்ஜி' என்ற நிற்கும் நிலை, இரண்டு உருளல், மணிக்கட்டு விடுவிப்பு இரண்டு. அதை நம்பிக் காலி வீதியில் யாரோடும் சண்டைக்குப் போக வேண்டாம்.

இனிக் கடதாசி முத்திரை. வகுப்பில் கேள்வி கேட்டால் வருகிற பதில் இப்படி:

"மாஸ்டர், இது எந்த ரியூ?"

"கோகா-ரியூ தம்பி. எண்ணூறு வருஷப் பரம்பரை."

"நீங்கள் ஆரிட்டப் படிச்சனீங்கள்?"

"குருவின்ர பேர் சொல்லக் கூடாது. அது ரகசியம்."

'ரியூ' என்றால் ஒரு கலை மரபைக் கற்பிக்கும் பள்ளி. இந்த நாலு வரிக்குள் பிரச்சினை முழுக்க இருக்கிறது. ஜப்பானியப் பழம் பள்ளிகளில் ரகசியம் என்பது நுட்பத்துக்கு. சேரும்போது இரத்தம் தொட்டுச் சத்தியம் வைக்கிற பள்ளிகள் உண்டு. அந்தச் சத்தியம் கற்றதை வெளியே காட்டமாட்டேன் என்பதற்கு. குருவின் பெயரை யாரும் மறைப்பதில்லை. சுருளாகக் கொடுக்கும் ஆவணத்தின் கடைசியில் ஸ்தாபகரிலிருந்து வரிசையாகப் பெயர்கள், அதன் முடிவில் பெறுகிறவரின் பெயர், தேதி, சிவப்புச் சீல். குருபரம்பரையைச் சொல்லக் கூடாது என்பது நம் ஆதீனங்களில் ஒருவர் 'என் குரு யாரென்று கேட்காதே' என்பதுபோல.

கோகா-ரியூ என்றால் இன்னும் கவனம் வேண்டும். 20ஆம் நூற்றாண்டில் கோகா-ரியூவின் 14ஆம் தலைவர் என்று சொல்லிக்கொண்டு பேர் பெற்றவர் ஃபுஜிதா ஸெய்கோ. அவர் 1966இல் இறந்தார், வாரிசு என்று யாரையும் விட்டுப் போகவில்லை. அவருக்குப் பிறகு உலகம் முழுக்க கோகா-ரியூ பெயரில் கிளம்பியவர்களுக்குக் கணக்கில்லை. கோகா என்று யாராவது சொன்னால் முதல் கேள்வி, 1966க்குப் பிறகு யார் வழியாக என்பதுதான்.

இன்று உலகில் நிஞ்ஜுட்சு என்று பரவலாகக் கற்பிக்கப்படுவதில் பெரும்பகுதி 1972இல் மறைந்த தகாமட்சு தொஷிட்சுகு, அவருடைய மாணவர் ஹட்சுமி மஸாஅக்கி வழியாக வந்தது. ஹட்சுமியின் அமைப்பு புஜின்கான், அதன் தலைமைப் பயிற்சிக்கூடம் ச்சிபா மாகாணத்தின் நொதாவில். அதிலிருந்து பிரிந்தவை 1984இல் கென்புகான், 1996இல் ஜினென்கான். அவர்கள் சொல்லும் தொகாகுரே-ரியூ வரிசை தகாமட்சுவுக்கு முந்திய காலத்தில் ஆவணத்தால் உறுதியாகவில்லை என்று வரலாற்று அறிஞர்கள் பலர் கேள்வி எழுப்புகிறார்கள். அந்தச் சர்ச்சை ஒருபுறம் இருக்கட்டும். அங்கே படித்தவர் குறைந்தது தன் ஆசிரியரின் பெயர், அவருடைய ஆசிரியரின் பெயர், தரம் தந்த அமைப்பு மூன்றையும் சொல்வார். சொன்னதை விசாரித்துப் பார்க்கவும் வழி உண்டு.

இந்த முத்திரைகள் நிஞ்ஜாக்களுடையவை என்பதே பாதி உண்மை. ஜப்பானியத் துறவி கூக்காய் 804இல் சீனாவுக்குப் போய் 806இல் கொண்டுவந்த ஷிங்கொன் என்ற மறைஞான பௌத்த மரபில் கை, மந்திரம், தியானம் மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு கிரியை. அதை முறையாகத் தீட்சை பெற்றவரே செய்யலாம், கையைத் துணிக்குள் மறைத்துச் செய்வார்கள். அந்த முத்திரைகளும் தாவோ மந்திரமும் மலைத்துறவிகளின் ஷுகெந்தோவில் ஒன்று சேர்ந்தன. சாமுராய்களும் எடுத்துக்கொண்டார்கள். 15ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கதோரி ஷிந்தோ-ரியூ வாள் பள்ளியில் கூஜி இன்றும் பாடத்தில் இருக்கிறது. அந்தப் பள்ளியை 1960இல் ச்சிபா மாகாணம் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. பழமையான கூஜி வேண்டுமென்றால் அங்கேதான் தேட வேண்டும், கறுப்பு முகமூடிக்குள் அல்ல.

நிஞ்ஜா கையேடுகளான 1676இன் 'பான்ஸென்ஷுகாய்', 1681இன் 'ஷோனின்கி' இரண்டும், போர்த்தலைவர் ஓதா நொபுனாகா நிஞ்ஜாக்களின் பிரதேசமான இகாவை அழித்த 1581க்கு ஏறத்தாழ நூறு வருடம் பிந்தியவை. முதலாவதில் நெறி, தலைமை, மாறுவேடம், ஒளிந்து நுழைதல், வானிலை, கருவிகள் என்று பகுதிகள் போகின்றன. ஒற்றுவேலைதான் பொருள். 'ஷோனின்கி'யில் ஏழு மாறுவேடங்கள் சொல்லப்படுகின்றன, அதில் ஒன்று மலைத்துறவி. மலைத்துறவி வேடத்தில் எல்லை கடக்கிறவனுக்குக் கூஜி செய்யத் தெரிந்திருக்காவிட்டால் காவலர்கள் பிடித்துவிடுவார்கள். ஒற்றனுக்கு முத்திரை தெரிந்திருக்கப் போதுமான காரணம் அது ஒன்றே. காலவெளியை ஆள வேண்டியதில்லை.

கடைசி நாள் தருகிற சான்றிதழில் 'கோகா-ரியூ முத்திரைத் தியானம், முதல் டான்' என்று போட்டிருக்கிறது. டான் என்ற தர முறையைத் தற்காப்புக் கலைக்குள் ஜூடோவின் கானோ ஜிகோரோ 1883இல் கொண்டுவந்தார். பழம் பள்ளிகளில் கிரிகாமி, மொகுரோக்கு, மென்க்யோ, கைதென் என்றுதான் படிகள். டான் தருகிற நவீன அமைப்புகளில் குறையில்லை, ஆனால் எண்ணூறு வருடப் பரம்பரை டான் கொடுத்தால் இரண்டில் ஒன்று பொய். சீல் கணினியில் அச்சடித்த சிவப்பு வட்டம். மை ஊறிய தடமில்லை, எல்லாச் சான்றிதழிலும் ஒரே இடத்தில் ஒரே சாய்வில் இருக்கிறது. எட்டு வகுப்பில் முதல் டான் என்பதைப்பற்றி ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அந்த 6,500 ரூபாவைக் கட்டாமல் விட்டால் பாடத்தில் எதுவும் குறையாது. கட்டாதவர்களை வற்புறுத்தவில்லை என்பதையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு வகுப்பும் பத்து நிமிட மௌனத்தோடு முடிகிறது, இதுதான் இந்த வகுப்பின் நல்ல பகுதி. விளக்கை அணைத்து, விசிறியைக் குறைத்து, மடியில் கை வைத்து உட்கார வைக்கிறார்கள். பேச்சு இல்லை, பாட்டு இல்லை. ஒரேயொரு தகராறு எந்தக் கை மேலே என்பதில். வலது கையை மேலே வைத்தவர்களைப் பிழை என்று திருத்துகிறார் ஆசிரியர். பிழையில்லை. ஸென் மரபில் இடது கை வலதின் மேல். அனுராதபுரத்து சமாதி புத்தர் தொடங்கி கொழும்பில் பார்க்கிற சிலைகள் வரை வலது கை இடதின் மேல், ஷிங்கொன் மரபிலும் அப்படியே. ஷிங்கொன் முத்திரைகளைக் கற்பித்துவிட்டு ஸென் கையோடு முடிப்பது கலப்புதான். கலக்கிறோம் என்று சொல்லிவிட்டுச் செய்யலாம். பெருவிரல் நுனிகள் ஒரு தாள் நுழைகிற அளவுக்குத் தொட்டிருக்க வேண்டும். தூக்கம் வந்தால் அவை சரிந்து பள்ளமாகும், மனம் இறுகினால் எழும்பி மேடாகும். இதை அவர் நன்றாகவே சொல்லிக் கொடுக்கிறார், கண்ணை மூடியிருக்கும்போதே தன் நிலையை அறிய இதைவிட எளிய வழி இல்லை.

மனத்தை ஒருமுகப்படுத்தக் கைக்கு ஒரு வேலை வேண்டும் என்கிறவர்கள், ஃபோனைப் பார்க்காமல் ஒன்றரை மணித்தியாலம் உட்கார முடியாதவர்கள் போகலாம். நாலு கிழமைக்குக் காசு கட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், எட்டும் தேவையில்லை. வெறும் அமைதித் தியானம் போதுமென்றால் கொழும்பிலேயே விகாரைகளில் காசில்லாமல் கிடைக்கிறது. உண்மையான ஜப்பானியப் பழம் பள்ளி தேடுகிறவர்கள் இந்த ஒழுங்கைக்குள் வரவே தேவையில்லை.

முதல் வகுப்பு இலவசம். மோதிரத்தைக் கழற்றி, ஒரு துவாயோடு நாலேகாலுக்கே போய் சுவர்ப்பக்கம் உட்காருங்கள். முடிந்ததும் ஆசிரியரை உங்களுக்குப் பக்கத்தில், ஒரே திசையைப் பார்த்து நிற்கச் சொல்லி, ஏழாவது முத்திரையை ஒரு தரம் காட்டச் சொல்லுங்கள்.